பெயரளவில் மாநிலங்களவை

தில்லியில் இரண்டு அவைகள் உள்ளன என்பதைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் கீழ்வகுப்பிலேயே படித்துவிடுகின்றனர். ஒன்று மக்களவை, மற்றொன்று மாநிலங்களவை. முன்னதில் அமர இருபத்தைந்து அகவை நிரம்பியிருத்தல் வேண்டும். பின்னதில் அமர முப்பது. முன்னது ஐந்தாண்டுக்கு ஒருமுறை கலைவது. பின்னது கலையாமல், ஈராண்டுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் ஓய்வுபெறப் புதியவர் புகுவது. இவ்வளவில் பாடம் முடிந்துவிடும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். இவ்விரண்டு அவைகளுக்கு இடையே தமிழினத்தின் உரிமை எங்கே நிற்கின்றது என்பதைப் பாடநூல் சொல்வதில்லை. அதனைப் பட்டறிவால் கற்றுக்கொண்ட மண் ஒன்று உண்டு. அது புதுக்கோட்டை.

1952-ஆம் ஆண்டின் முதற் பொதுத்தேர்தலில் கே.எம். வல்லத்தரசு புதுக்கோட்டைத் தொகுதியின் பேராளராக மக்களவைக்குச் சென்றார். அதன்பின் பேராயக் கட்சியினரும் பொதுவுடைமைக் கட்சியினரும் இரு கழகத்தினரும் மாறி மாறி அத்தொகுதியின் பெயரால் தில்லியில் அமர்ந்தனர். 2004-இல் வென்ற இரகுபதியே அவ்வரிசையில் இறுதியானவர். 2009-ஆம் ஆண்டுத் தேர்தலின்போது புதுக்கோட்டை என்றொரு மக்களவைத் தொகுதியே இல்லை. தொகுதி மறுவரையறை என்னும் பெயரால் அஃது அழிக்கப்பட்டது. மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் நான்கு திசைக்குப் பங்கிடப்பட்டன. கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிராப்பள்ளிக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி இராமநாதபுரத்துக்கு, விராலிமலை கரூருக்கு. பாகப்பிரிவினையில் வீட்டுக் கதவு ஒருவனுக்கும் நிலை ஒருவனுக்கும் போனது போன்ற பங்கீடு அது. மனம் வெதும்பிய மக்களுட் பலர் அத்தேர்தலில் 49-ஓ விதியின்படி எவர்க்கும் வாக்கில்லை என்று பதிவேட்டில் எழுதிவிட்டு வந்தனர். தில்லிக்கு அது கேட்கவில்லை.

தொகுதியின் பெயர் போனால் என்ன, வாக்குரிமை இருக்கின்றதே என்று சிலர் வினவுவர். வாக்குரிமை இருக்கின்றது, ஆனால் நான்கு தொகுதிகளிலும் புதுக்கோட்டையார் சிறுபான்மையினர். 2017-இல் நெடுவாசலில் ஐதரோகார்பன் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து உழவர்கள் பந்தலிட்டு அமர்ந்தபோது அவர்கள் சிவகங்கைத் தொகுதியினர். சகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் இலங்கைக் கடற்படையாற் சிறைப்பிடிக்கப்படும் மீனவர்கள் இராமநாதபுரத் தொகுதியினர். விராலிமலையின் வறண்ட நிலத்து உழவர் கரூர்த் தொகுதியினர். ஒரே மாவட்ட ஆட்சியரிடம் மனுக்கொடுக்கும் மக்கள், தில்லியில் ஒருவரையொருவர் அறியாத நான்கு வாய்களால் பேசவேண்டியவர் ஆயினர். 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இம்மாவட்டத்தின் மக்கள்தொகை 16,18,345. கோவாவின் தொகை 14,58,545. அதற்கு மக்களவையில் இரண்டு இடங்கள். கோவாவின் மேல் எவர்க்கும் பொறாமை இல்லை. தலையெண்ணிக்கை ஒன்றுதான் அளவுகோல் என்று சொல்வோர் தாமே அதனை எல்லா இடத்தும் பின்பற்றுவதில்லை என்பதற்காகவே இக்கணக்கு.

மக்களவையில் ஓரிடத்தின் மதிப்பு என்ன என்பதை 1999-ஆம் ஆண்டு ஏப்பிரல் 17-ஆம் நாள் உலகம் கண்டது. வாசுபாயி அமைச்சரவையின்மீது நம்பிக்கை வாக்கெடுப்பு நடந்தது. சார்பாக 269, எதிராக 270. ஒரே வாக்கில் இந்திய ஒன்றியத்தின் ஆட்சி கவிழ்ந்தது. எதிர்த்து வாக்களித்த கட்சிகளுள் அ.தி.மு.க.வும் ஒன்று, அன்றைய புதுக்கோட்டை உறுப்பினர் இராசா பரமசிவம் அக்கட்சியினர். கவிழ்த்தது சரியா தவறா என்பது வேறு வழக்கு. குடுமியான்மலையும் சித்தன்னவாசலும் கொண்ட ஒரு சிறு நாட்டின் பேராளர் தில்லி அரியணையை அசைக்கும் நிலையில் இருந்தார் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது. அமைச்சரவை மக்களவைக்கு மட்டுமே பொறுப்புடையது. அதனை வீழ்த்தும் வலிமை மாநிலங்களவைக்கு அறவே இல்லை. மாநிலங்களவையினர் அனைவரும் ஒருமனதாக எழுந்து நின்று எதிர்த்தாலும் தலைமையமைச்சர் தம் இருக்கையில் அமர்ந்தே இருக்கலாம். புதுக்கோட்டை இழந்தது அத்தகைய வலிமையுள்ள ஓரிடத்தை.

இனி, மற்றை அவையைக் காண்போர் முதலில் அதன் பெயரைக் காணவேண்டும். தில்லி அதற்கு வடமொழியில் ‘இராச்சிய சபா’ என்று 1954-இல் பெயரிட்டது. தமிழில் மாநிலங்களவை என்று வழங்குகின்றது. மக்களவை மக்கள் தலையை எண்ணுவது. மாநிலங்களவை மாநிலங்களை எண்ணுவது என்று பெயர் சொல்கின்றது. பெயருக்கும் பொருளுக்கும் உள்ள தொலைவைத்தான் தமிழர் இன்னும் அளந்து பார்க்கவில்லை.

அவ்வவையில் இப்பொழுது 245 இடங்கள். அவற்றுள் பன்னிருவர் குடியரசுத் தலைவரால் அமர்த்தப்பெறுவோர். எஞ்சிய 233 இடங்களில் 225 மாநிலங்களுக்கு உரியன. எட்டு, தில்லி, புதுச்சேரி, சம்மு காசுமீர் ஆகிய ஒன்றிய ஆட்சிப்பகுதிகளுக்கு உரியன. உத்தரப் பிரதேசத்துக்கு 31, மராட்டியத்துக்கு 19, தமிழ்நாட்டுக்கு 18, வங்கத்துக்கும் பீகாருக்கும் பதினாறு பதினாறு, சிக்கிமுக்கும் நாகாலாந்துக்கும் மணிப்பூருக்கும் ஒவ்வொன்று. ஆகவே இங்கும் எண்ணப்படுவது தலையே. சற்றே குறுகிய கோலால் எண்ணப்படுகின்றது, அவ்வளவே. அமெரிக்க ஒன்றியத்தில் பெரிய கலிபோர்னியாவுக்கும் சிறிய வயோமிங்குக்கும் மேலவையில் இவ்விரண்டு இடங்கள். ஆத்திரேலியாவில் சிறிய தாசுமேனியாவுக்கும் பெரிய நியூ சவுத் வேல்சுக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு. மாநிலங்களின் அவை என்று சொல்லிக்கொள்ள அவற்றுக்குத் தகுதி உண்டு.

இவ்வவைக்கு மக்கள் நேரே வாக்களிப்பதில்லை. சட்டமன்ற உறுப்பினர் வாக்களிக்கின்றனர். தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 234 பேர். ஒரு தேர்தலில் ஆறு இடங்கள் நிரப்பப்படுமாயின், ஒருவர் வெல்ல 34 வாக்குகள் வேண்டும். புதுக்கோட்டை மாவட்டத்தின் சட்டமன்ற உறுப்பினர் அறுவர். அறுவரும் ஒரே கட்சியினராயினும், ஒரே மனத்தினராயினும், ஓர் இடத்தில் ஆறிலொரு பங்கைச் சற்றே கடந்த வலிமையே அவர்க்கு உண்டு. எனினும் விந்தையொன்று நேர்ந்தது. மக்களவைத் தொகுதியை இழந்த புதுக்கோட்டையைச் சேர்ந்த எம்.எம். அப்துல்லா, தி.மு.க. சார்பில் 2021 முதல் 2025 வரை மாநிலங்களவையில் அமர்ந்திருந்தார். வாயில் அடைபட்ட வீட்டுக்குப் பலகணி வழியே காற்று வந்தது போன்றது அது. கட்சித் தலைமை திறந்துவிட்ட பலகணி அது. புதுக்கோட்டை மக்கள் திறந்ததன்று.

இன்னொரு விந்தை இதனினும் பெரிது. அறந்தாங்கிச் சட்டமன்றத் தொகுதியில் பலமுறை வென்றவரும், 1999-இல் புதுக்கோட்டையின் மக்களவை உறுப்பினராகிப் பின் ஒன்றிய இணையமைச்சராக இருந்தவருமான சு. திருநாவுக்கரசர், 2004-இல் மாநிலங்களவைக்குச் சென்றார். எந்த மாநிலத்தின் பேராளராக? மத்தியப் பிரதேசத்தின் பேராளராக! அறந்தாங்கிக்கும் போபாலுக்கும் என்ன உறவு? அன்று அவர் சார்ந்திருந்த பா.ச.க.வுக்கு அங்கே சட்டமன்ற உறுப்பினர் மிகுதி என்பது ஒன்றே உறவு. இதில் அவரைக் குறைசொல்ல ஒன்றுமில்லை. சட்டம் வழிவிட்டது, அவர் சென்றார். 2003 வரை, ஒரு மாநிலத்தின் பேராளராக வேண்டுமாயின் அம்மாநிலத்து வாக்காளராக இருத்தல் வேண்டும் என்றொரு விதி இருந்தது. அவ்வாண்டு நாடாளுமன்றம் அவ்விதியை நீக்கிற்று. குல்தீப் நய்யார் தொடுத்த வழக்கில் 2006-இல் உச்சநீதிமன்றமும் அந்நீக்கம் செல்லும் என்றது. அதன்பின் தடையென்பதே இல்லாதொழிந்தது. மதுரையிற் பிறந்த நிர்மலா சீதாராமன் ஆந்திரத்துக்கும் பின்னர்க் கருநாடகத்துக்கும் பேராளரானார். நாமக்கல் மாவட்டத்தினரான எல். முருகன் மத்தியப் பிரதேசத்தின் பேராளரானார். அவ்விதி நடப்பில் இருந்த காலத்திலேயே, 1991 முதல், மன்மோகன்சிங் அசாமின் பேராளராக இருந்தார். பத்தாண்டுக் காலம் தலைமையமைச்சராக விளங்கியதும் அசாமின் உறுப்பினர் என்ற நிலையில் இருந்தே. அசாமிய மொழி பேசும் மக்களின் குறையை அவ்வவையில் அவர்தம் நாவால் சொல்லவேண்டிய இடம் அது என்பதை எவர் நினைத்தார்?

மாநிலத்தோடு தொடர்பில்லாதவர் அமரும் அவையை மாநிலங்களவை என்று அழைப்பது, ஊரில் இல்லாதவர்களைக் கொண்டு ஊர்க்கூட்டம் நடத்துவது போன்றது.

இத்தனைக்கும் அவ்வவை வெற்றுக்கூடு அன்று. அதன் வலிமையைத் தில்லி ஒருமுறை மிகத் துல்லியமாகக் கண்டது. 1970-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பழைய மன்னர்களுக்கு அளிக்கப்பட்ட ஆண்டுக்கொடையை, அஃதாவது மன்னர் மானியத்தை, ஒழிக்கும் அரசமைப்புத் திருத்தம் மக்களவையில் நிறைவேறி மாநிலங்களவைக்கு வந்தது. சார்பாக 149, எதிராக 75. மூன்றில் இரு பங்கு வேண்டும். வந்திருந்த 224 பேரில் மூன்றில் இரு பங்கு 149-ஐச் சற்றே கடந்தது. ஒரு வாக்கின் பின்னம் குறைந்தமையால் இந்திராகாந்தி அரசின் திருத்தம் தோற்றது. புதுக்கோட்டைத் தொண்டைமான் மன்னரும் அம்மானியம் பெற்றுவந்தவரே. 1948 மார்ச்சு 3-ஆம் நாள் தம் தனியரசை இந்திய ஒன்றியத்தோடு இணைத்தபோது அளிக்கப்பட்ட உறுதி அது. அவர் வாழ்ந்த புதிய அரண்மனை இன்று மாவட்ட ஆட்சியரகமாக நிற்கின்றது. மன்னராட்சிக்கும் மானியத்துக்கும் பரிந்து பேசுவது இவ்விதழின் வேலையன்று. 1971-இல் 26-ஆம் திருத்தத்தால் மானியம் ஒழிந்தது, ஒழியவேண்டியதே. ஆயின் மக்களவையிற் பெரும் பெரும்பான்மையோடு வெளிவந்த ஒரு திருத்தத்தை ஒரு பின்னத்தால் மறித்து நிறுத்தும் ஆற்றல் அவ்வவைக்கு உண்டு என்பதை இதனினும் தெளிவாகக் காட்டும் நிகழ்ச்சி வேறில்லை. அரசமைப்பைத் திருத்துவதற்கு இரு அவையும் தனித்தனியே மூன்றில் இரு பங்கால் ஒப்புதல் வேண்டும். அங்கே கூட்டமர்வு என்னும் குறுக்குவழி கிடையாது. 1989-இல் இராசீவ்காந்தியின் ஊராட்சித் திருத்தமும் நகராட்சித் திருத்தமும் மாநில அரசுகளைத் தாண்டித் தில்லியின் கையை ஊர்வரை நீட்டுவன என்னும் எதிர்ப்புக்கிடையே அதே அவையில்தான் வீழ்ந்தன.

அண்ணா 1962-இல் காஞ்சிபுரத்தில் தோற்றார். சட்டமன்றத்தில் ஐம்பது இடங்களைப் பெற்றிருந்த தி.மு.க. அவரை மாநிலங்களவைக்கு அனுப்பியது. திராவிட நாட்டுக் கொள்கையைத் தில்லியின் நடுவில் நின்று அவர் முழங்கியது அவ்வவையில்தான். பிரிவினைத் தடைத் திருத்தத்தையும் ஆட்சிமொழிச் சட்டத்தையும் 1963-இல் எதிர்த்துப் பேசியதும் அங்கேதான். மக்களவைத் தேர்தலின் அலையில் அகப்படாத ஒரு குரலுக்கு அவ்வவை இடங்கொடுக்கும் என்பதற்கு அதனைவிடச் சான்று வேண்டா.

அண்மைச் சான்று ஒன்றும் புதுக்கோட்டையோடு தொடர்புடையதே. 1996-இல் புதுக்கோட்டையின் மக்களவை உறுப்பினராக இருந்த திருச்சி சிவா, பின்னாளில் மாநிலங்களவையில் அமர்ந்தார். திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காக அவர் தனி உறுப்பினராகக் கொணர்ந்த சட்டவரைவு 2015 ஏப்பிரல் 24-ஆம் நாள் அவ்வவையில் ஒருமனதாக நிறைவேறியது. அமைச்சர் அல்லாத ஒருவரின் வரைவு ஓர் அவையில் நிறைவேறியது பல்லாண்டுகளில் அதுவே முதன்முறை. பின் அது மக்களவைக்குச் சென்றது. அங்கே நிறைவேறாமலே முடிந்தது. அரசு தானே வேறொரு வரைவைக் கொணர்ந்து 2019-இல் தனக்கேற்றவாறு சட்டமாக்கிக் கொண்டது. இரு அவைகளின் வேற்றுமை இதனில் முழுமையாகத் தெரிகின்றது: மாநிலங்களவைக்கு எண்ணும் உரிமை உண்டு, முடிக்கும் உரிமை மக்களவையில் பெரும்பான்மை பெற்ற தில்லி அரசுக்கே உண்டு.

அவ்வெண்ணும் உரிமையையும் தாண்டிச் செல்லத் தில்லி இரண்டு வழிகளை வைத்திருக்கின்றது. முதல்வழி பணச் சட்டவரைவு. வரி, செலவு பற்றிய வரைவு மாநிலங்களவைக்கு வந்தால் பதினான்கு நாளுக்குள் திருப்பியனுப்புதல் வேண்டும். திருத்தம் சொன்னால் மக்களவை ஏற்கலாம், தள்ளலாம். எது பணவரைவு என்று முடிவு செய்பவர் மக்களவைத் தலைவர். 2016-இல் ஆதார்ச் சட்டத்தைப் பணவரைவு என்று முத்திரை குத்தி அனுப்பினர். மாநிலங்களவை ஐந்து திருத்தங்கள் சொன்னது. அன்றே மக்களவை அவ்வைந்தையும் தள்ளிவிட்டது. ஒவ்வொரு மனிதனின் கைவரியையும் கண்ணையும் பதிந்துவைக்கும் சட்டம் எவ்வாறு வெறும் பணச்சட்டம் ஆகும் என்ற வினாவுக்கு 2018-இல் உச்சநீதிமன்றப் பெரும்பான்மையர் ஆம், ஆகும் என்றனர்; நீதியர் சந்திரசூட் ஒருவர் மட்டும் அஃது அரசமைப்பின்மீது செய்யப்பட்ட வஞ்சனை என்னும் கருத்துப்படத் தனித்து எழுதினார்.

இரண்டாம் வழி கூட்டமர்வு. பொதுச்சட்டத்தில் இரு அவையும் மாறுபட்டால் இருவரையும் ஒரே மண்டபத்தில் உட்காரவைத்துத் தலையெண்ணுவர். 543 பேரோடு 245 பேர் கூடினால் எப்பக்கம் சாயும் என்பதற்குக் கணக்கறிவு வேண்டியதில்லை. இதுவரை மூன்றுமுறை இவ்வாறு கூடினர்: 1961-இல் மணக்கொடைத் தடைக்கு, 1978-இல் வங்கிப் பணித் தேர்வாணையச் சட்டத்தை நீக்குதற்கு, 2002-இல் பொடாவுக்கு. மூன்றாவதைத் தமிழர் மறக்கலாகாது. 2002 மார்ச்சுத் திங்களில் மாநிலங்களவை பொடாவைத் தோற்கடித்தது. ஐந்தாம் நாள் கூட்டமர்வு கூட்டப்பட்டு, 425 வாக்குகளால் அது நிறைவேற்றப்பட்டது, எதிர்த்தோர் 296. நான்கு திங்கள் செல்லுமுன் அச்சட்டம் யார் கையைப் பற்றியது? ஈழத்தமிழர்க்காகப் பேசிய வைகோவின் கையை, ஆகசுட்டில் பழ. நெடுமாறனின் கையை, பின்னர்ச் சுப. வீரபாண்டியனின் கையை. வைகோ அன்று மக்களவை உறுப்பினர். அவர்தம் கட்சி பொடாவை ஆதரித்த ஆளுங்கூட்டணியில் இருந்தது. ஓர் அவை மறுத்த சட்டத்தை மற்றை அவையின் எண்ணிக்கை மீண்டும் உயிர்ப்பித்தது. அவ்வெண்ணிக்கையிற் சேர்ந்திருந்த கட்சியின் தலைவரே வேலூர்ச் சிறையில் பத்தொன்பது திங்கள் இருந்தார். மாநிலங்களவையின் மறுப்பு நிலைத்திருந்தால் அச்சிறைக்கதவு திறந்திராது.

அவையின் வலிமையின்மைக்குச் சட்டம் பாதிக் கரணியம், உறுப்பினர் மறுபாதி. 2019 ஆகசுட்டு 5-ஆம் நாள் சம்மு காசுமீர் என்னும் மாநிலத்தை இரண்டு ஒன்றிய ஆட்சிப்பகுதிகளாக உடைக்கும் சட்டவரைவு முதலில் கொண்டுவரப்பட்டது மாநிலங்களவையில்தான்! அம்மாநிலத்துச் சட்டமன்றம் அப்பொழுது கலைக்கப்பட்டுக் கிடந்தது. ஒரு மாநிலத்தின் உயிர் போகின்ற நாளில், மாநிலங்களைக் காக்கவென்று இருக்கும் அவையில் தமிழ்நாட்டு உறுப்பினர் என் செய்தனர்? அ.தி.மு.க.வினர் ஆதரித்தனர், தி.மு.க.வினரும் வைகோவும் எதிர்த்தனர். தமிழ்நாடு என்ற ஒன்றுக்கு அன்று கருத்தே இல்லை. கட்சிகளுக்கே கருத்து இருந்தது. 2016-இல் சரக்கு, சேவை வரித் திருத்தம் வந்தபோதும் இதுவே. மாநிலத்தின் வரியிடும் உரிமை போகின்றது என்று சொல்லி அ.தி.மு.க.வினர் வெளியேறினர், எஞ்சியோர் 203 பேர், எதிர்ப்பு ஒன்றுமின்றி நிறைவேற்றினர். கொறடாவின் கட்டளையை மீறினால் பதவி போகும்; மாநிலத்தின் நலனை மீறினால் ஒன்றும் போகாது. இந்நிலையில் எவ்வுறுப்பினரும் எதனை மீறுவர் என்பது தெரிந்ததே.

தமிழ்நாடு தன் மேலவையை 1986-இல் ஒழித்துவிட்டது. ஆதலின் தில்லியின் மேலவையும் ஒழிந்தால் என்ன என்று கேட்போர் உளர். தமிழ்நாட்டு மேலவை ஒரே மொழி பேசும் ஒரே மக்களுக்குள் இருந்த இரண்டாம் அறை. அது போனதால் எவ்வினத்தின் உரிமையும் போகவில்லை. தில்லி பல மொழியினங்களை ஒரு கூரையின்கீழ் அடைத்துவைத்திருக்கும் இடம். அங்கே தலையெண்ணும் அவை ஒன்று மட்டுமே இருக்குமாயின், மிகுதலையுடைய இந்தியினர் சொல்லே சட்டமாகும்.

அத்தலையெண்ணிக்கைதான் இப்பொழுது அச்சுறுத்துகின்றது. 1961-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின் பின் நடந்த மறுவரையறையில் தமிழ்நாட்டின் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆயின. 1967 முதல் 39-தான். குடும்ப நலத்தைப் பேணிப் பிறப்பைக் குறைத்ததற்கு ஒரு மாநிலம் பெற்ற தண்டம் அது என்பதை 2021-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையே எடுத்துக்காட்டி, அவ்விழப்புக்கு ஈடு ஏன் தரலாகாது என்று வினவியது. 1976-இல் 42-ஆம் திருத்தம் மாநிலங்களுக்குரிய எண்ணிக்கையைக் கட்டி நிறுத்தியது. 84-ஆம் திருத்தம் அக்கட்டினை 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதற் கணக்கெடுப்பு வரை நீட்டித்தது. கட்டு அவிழும்போது புதுக்கோட்டைக்கு 2009-இல் நேர்ந்தது தமிழ்நாடு முழுமைக்கும் நேரும். ஒரு மாவட்டம் நான்காகக் கிழிபட்டபோது, ‘அது புதுக்கோட்டையாரின் கவலை’ என்று மற்றை மாவட்டத்தார் இருந்துவிட்டனர்.

மக்களவையில் இழப்பது உறுதியாயின், மாநிலங்களவையில் உள்ளதையேனும் காத்தல் வேண்டும். ஈண்டுத் தன்னாட்சி பேசும் அன்பர்கள் பலர் ஓரிடத்தில் இடறுகின்றனர். எல்லா மாநிலங்களுக்கும் ஒத்த எண்ணிக்கை வேண்டும் என்பது பழைய கோரிக்கை. 1969-இல் கலைஞர் அரசு அமைத்த இராசமன்னார் குழு 1971-இல் அதனைப் பரிந்துரைத்தது. 1977-இல் மேற்கு வங்கத்தின் இடதுசாரி அரசும் அதனையே கேட்டது. கேட்க இனிமையாயிருக்கின்றது; கணக்கிட்டுப் பார்த்தாரில்லை. 225 இடங்களை 28 மாநிலங்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொன்றுக்கும் எட்டு. தமிழ்நாட்டின் பதினெட்டு எட்டாகும். தென்னாட்டு ஐந்து மாநிலங்களுக்கு இன்றுள்ள 57 நாற்பதாகும். இந்தி வழங்கும் ஒன்பது மாநிலங்களின் 90 எழுபத்திரண்டாகும். வடகிழக்கு எட்டு மாநிலங்களின் பதினான்கு அறுபத்துநான்காகும். இந்தியினர் பங்கு குறைவது உண்மை; தென்னாட்டின் பங்கு அதனினும் விரைந்து குறைவதும் உண்மை. அறுபத்துநான்கு பேரை அனுப்பும் வடகிழக்கு, தென்னாட்டோடு நிற்குமா, தில்லியின் பணத்தோடு நிற்குமா என்பதை எவரும் உறுதி சொல்ல இயலாது.

ஆகலின் எண்ணிக்கையைக் காட்டிலும் முதன்மையானது வாக்களிக்கும் முறை. செருமனியின் மேலவை இதற்கு வழிகாட்டும். அங்கே மேலவையில் அமர்பவர் மாநில அரசுகளின் அமைச்சரே. பெரிய மாநிலத்துக்கு ஆறு வாக்கு, சிறியதற்கு மூன்று. ஒரு மாநிலத்தின் வாக்குகள் அனைத்தும் ஒரே பக்கம் ஒருங்கே விழுதல் வேண்டும். பிரிந்து விழுந்தால் செல்லா. மாநிலங்களின் உரிமையைத் தொடும் சட்டம் அவ்வவையின் ஒப்புதலின்றி நிறைவேறாது. இம்முறை இங்கே இருந்திருப்பின், 2019-இல் தமிழ்நாட்டின் பதினெட்டும் ஒரு முடிவாகவே விழுந்திருக்கும். அம்முடிவுக்குச் சென்னையில் ஆண்ட அரசு தமிழ்மக்கள் முன் விடைசொல்லியாக வேண்டியிருந்திருக்கும்.

அதற்கு அரசமைப்பையே மாற்ற வேண்டும்; தில்லி எளிதில் இசையாது. எனினும் இன்றுள்ள நிலையிலேயே ஒரு பூட்டு உண்டு. மக்களவையின் இடங்களை 81-ஆம் உறுப்பு வகுத்த 550 என்னும் வரம்புக்குமேல் உயர்த்துவதற்கும், கட்டினை மேலும் நீட்டுவதற்கும் அரசமைப்புத் திருத்தம் வேண்டும். திருத்தத்துக்கு மாநிலங்களவையில் மூன்றில் இரு பங்கு வேண்டும். 245 பேரும் வந்து வாக்களித்தால் 82 பேரின் எதிர்ப்பு அதனை நிறுத்தும். தென்னாட்டின் 57-உம், மேற்கு வங்கத்தின் 16-உம், ஒடிசாவின் 10-உம் கூடினால் 83. அவ்வெண்பத்து மூவரும் கட்சியினராக அமர்ந்தால் பூட்டு இல்லை. மாநிலத்தவராக அமர்ந்தால் உண்டு. இவ்வெண்ணிக்கையைத் தரும் நான்காம் அட்டவணை பழைய மக்கள்தொகைக் கணக்கின்மேல் எழுந்தது. பீகாரினும் தமிழ்நாட்டுக்கு இரண்டிடம் மிகுதியாக இருப்பது அதனாலேயே. மறுவரையறை பேசும் வாய்கள் நாளை அவ்வட்டவணையையும் பேசும். அதில் ஓர் எண்ணையும் தொடவிடக்கூடாது என்பதைத் தமிழ்நாட்டுக் கட்சிகள் இன்றே ஒருங்கு சொல்லியிருத்தல் வேண்டும்.

மாநிலங்களுக்கு மெய்யான ஓர் அவை இருந்திருந்தால் கச்சத்தீவு போயிருக்குமா என்பதைச் சகதாப்பட்டினத்து மீனவரைக் கேட்டால் சொல்வர். அமெரிக்காவில் அயல்நாட்டோடு செய்யும் உடன்படிக்கை, மாநிலங்களின் அவையாகிய மேலவையில் மூன்றில் இரு பங்கினர் ஏற்றாலன்றி நிலைபெறாது. 1974 சூன் திங்களில் தில்லி, கச்சத்தீவை இலங்கைக்கு உரியதாக்கி ஒப்பமிட்டபோது, அவ்வொப்பந்தம் மக்களவையின் வாக்குக்கும் வரவில்லை. மாநிலங்களவையின் வாக்குக்கும் வரவில்லை. தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் ஒப்புதலும் பெறப்படவில்லை. புதுக்கோட்டை தனி மாவட்டமாக அமைந்து ஐந்து திங்களே ஆகியிருந்தன.

சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சென்னையில் மாநிலங்களவைத் தேர்தல் வருகின்றது. பெரும்பாலும் போட்டியே இராது; கட்சித் தலைமைகள் பெயர்களை அறிவிக்கும், சட்டமன்ற உறுப்பினர் ஒப்பமிடுவர், செய்தி இரண்டாம் பக்கத்தில் வந்து மறையும். கந்தர்வகோட்டை முதல் அறந்தாங்கி வரையுள்ள அறுவர்க்கும் அவ்வாக்கு உண்டு. அவ்வறுவரை அவர்தம் தொகுதி மக்கள் சாலைக்கும் குடிநீருக்கும் வழிமறித்துக் கேட்கின்றனர், கேட்கவேண்டியதே. பெயர்கள் அறிவிக்கப்படுமுன் இன்னும் இரண்டும் கேட்கலாம்: அனுப்பப்படுபவர் தமிழ்நாட்டில் வாழ்ந்து தமிழ்நாட்டு வாக்காளராக உள்ளவர்தாமா, தொகுதி மறுவரையறையும் நான்காம் அட்டவணையும் வாக்குக்கு வரும் நாளில் கட்சிக் கட்டளை எதுவாயினும் தமிழ்நாட்டின் பக்கம் வாக்களிப்பேன் என்று எழுதிக்கொடுப்பாரா.